இடது காலுக்குக் கீழே மூன்று நிமிடம்

எங்கள் ஊரான கைவோலம்பியில் காட்டுக்குள் எது தொலைந்தாலும் ஔலிஸ் ஹெய்ஸ்கனெனைத்தான் கூப்பிடுவார்கள். கார் சாவி, வேட்டை நாயின் கழுத்துப்பட்டை, ஒரு தடவை ப்ளூபெரி பறிக்கப் போன இடத்தில் பலமாகத் தும்மிவிட்ட பாதிரியாரின் பல்செட். எல்லாம் அவன் எடுத்துக் கொடுத்ததுதான். வருவான், இடுப்பில் கையை வைத்து நிற்பான், காட்டை இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்ப்பான். பிறகு நேராக நடந்து போய்க் குனிவான். அவ்வளவுதான்.

முப்பது வருஷம் மரக் கம்பெனிக்கு மரம் குறித்தவன். எது விழணும், எது நிற்கணும் என்று பார்த்துப் பெயின்ட் அடிக்கிற வேலை. முதுகு போன பிறகு டாக்ஸி ஓட்ட ஒரு வேன் வாங்கினான். ஊராட்சி ஒப்பந்தத்தில், ரஹ்கோமெக்கி மண் ரோட்டில் இருக்கிற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனான். பெண்டாட்டி ஸ்வீடனில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இருபது வருஷத்துக்கு முன்னால் போனாள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அறுபத்தோரு வயதில் அவனுக்கு இருந்தது அந்த வேனும், எங்கள் தட்டு ஆட்டமும்தான்.

மேடையில் நின்று பிளாஸ்டிக் தட்டை எறியணும். அது மரங்களுக்கு நடுவே பறந்து போய், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழணும். குறைந்த எறிகளில் கூடையில் போட்டவன் ஜெயித்தவன். எங்கள் காட்டில் பதினெட்டுக் கூடை. ஊரே கூடி ஒரு கோடையில் வழி வெட்டினோம். கூலி கிடையாது, காப்பியும் சாசேஜும்தான். எந்த மரத்தை வெட்டலாம் என்று சொன்னது ஔலிஸ். பதினாறாவது கூடைக்குப் போகிற வழியில் நட்ட நடுவே நிற்கிற பிர்ச் மரத்தை வெட்டணும் என்று நாங்கள் பதினேழு பேர் ஒரே குரலில் சொன்னோம்.

"அது உங்கள என்ன பண்ணிச்சு?" என்று கேட்டான். அது இன்னும் நிற்கிறது. என் தட்டுகளில் பாதிக்கு அதில் மோதிய வடு உண்டு.

எறிவதில் அவன் பெரிய ஆள் இல்லை. கை நீளம், இடுப்பு திரும்பாது, தட்டு ஆடிக்கொண்டே போகும். ஆனாலும் செவ்வாய்க்கிழமைப் போட்டியில் எல்லோரும் அவன் குழுவில் விழத்தான் ஆசைப்படுவார்கள். அவன் இருந்தால் தட்டு தொலையாது. எங்கள் விதி இது: தட்டு புதருக்குள் போனால் குழுவில் இருக்கிற நாலு பேரும் தேடணும், போட்டியாளன் என்றாலும் தேடணும். மூன்று நிமிஷம். கிடைக்காவிட்டால் தண்டனையாக ஒரு எறி கூடும், பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி எறியணும்.

மூளை இருக்கிறவன் காட்டில் ரோஸ் தட்டு எறிவான், ஆரஞ்சு எறிவான். ஔலிஸ் எறிந்தது கரும்பச்சை. பாசி மேல் விழுந்தால் பாசி. தபால் வண்டி ஓட்டுகிற தெல்லெர்வோ ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவனைத் திட்டுவாள்.

"ரோஸ் கலர்ல ஒண்ணு வாங்கித் தொலையேன்யா."

"ரோஸ் எல்லாம் கண்ணு தெரியாதவங்களுக்கு, தெல்லெர்வோ. நீ வச்சுக்க."

நான் கிரேடர் ஓட்டுகிறவன். கோடையில் மண் ரோட்டைச் சமன் பண்ணுவேன், குளிர்காலத்தில் பனி தள்ளுவேன். எறி எனக்கு நன்றாகவே வரும். தேடத்தான் வராது. பன்னிரண்டு வருஷமாக என் தட்டுகளை ஔலிஸ்தான் எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியம்: "உன் மூக்குக்குக் கீழதான் கிடக்கு, இல்போ." கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை. எனக்குத்தான் அது ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன அறை மாதிரி விழுந்தது. அதையெல்லாம் எண்ணி உள்ளே போட்டு வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

செப்டம்பர் முதல் ஞாயிறு, கிளப்பின் வருஷாந்திரப் போட்டி. ஜெயிக்கிறவன் பெயரை ஆட்டக் குடிசைச் சுவரில் இருக்கிற பலகையில் சூட்டுக்கோலால் எழுதுவார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என் பெயர் எதிலும் எழுதப்பட்டது கிடையாது, சம்பளச் சீட்டைத் தவிர. அன்று காற்று சுழன்று சுழன்று அடித்தது. நன்றாக எறிகிற இளவட்டங்கள் எல்லாம் காட்டோர ஏரிக்குள் தட்டை விட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். பதினைந்து கூடை முடிந்தபோது எல்லோருக்கும் முன்னால் இருந்தது ஔலிஸ். என்னைவிட இரண்டு எறி குறைவு. எங்கள் குழுவில் மற்ற இருவர் தெல்லெர்வோவும், இரும்புக்கடை ரெய்யோவும்.

பதினாறில் ஔலிஸ் எறிந்த தட்டு அவன் காப்பாற்றிய அதே பிர்ச்சில் உரசி வலது பக்கம் சரிந்தது. என்னுடையதும் அந்தப் பக்கம்தான், ஆனால் வழியிலேயே கிடந்தது. அதனால் நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். ப்ளூபெரிச் செடி முழங்கால் வரை. ஓர் அடி வைத்தேன், இடது பூட்ஸுக்குக் கீழே என்னவோ வழுக்கிக்கொண்டு பாசிக்குள் இறங்கியது. கல் அப்படி வழுக்காது. வேர் அப்படி வழுக்காது.

தெரிந்துவிட்டது.

"இங்க இருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். இதை யாரும் நம்பணும் என்று கேட்கவில்லை, ஆனால் திறந்தேன். அப்போது ஔலிஸ் செடிகளை விலக்கிக்கொண்டே வந்தான்.

"யாரும் அலட்டிக்க வேணாம். இல்போ, நீ ஓரமா நில்லு. நீ தேடினா இருக்கிறதும் காணாமப் போகும்."

ரெய்யோ சிரித்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

தெல்லெர்வோ போனில் நேரம் வைத்தாள். "மூணு நிமிஷம். ஆரம்பம்."

மூன்று நிமிஷம் எவ்வளவு நீளம் என்று ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தால்தான் தெரியும். சும்மா நின்றால் சந்தேகம் வருமே என்று ஒரு குச்சியை எடுத்தேன். இடது காலை அசைக்காமல் வலது காலால் சுற்றிச் சுற்றி வந்து செடியை விலக்கினேன். கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி. ரெய்யோ மறுபக்கம் தேடினான். தெல்லெர்வோ மண்டி போட்டாள். வசந்தத்தில்தான் அவளுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மண்டி போட்டு, கையால் செடியைத் தடவிக்கொண்டே என் பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்து போனாள்.

ஔலிஸ் முதலில் இடுப்பில் கை வைத்து இடமிருந்து வலமாகப் பார்த்தான். பிறகு மறுபடி, வலமிருந்து இடமாக. அவன் இரண்டாவது தடவை பார்த்து நான் கண்டதில்லை. மூன்றாவது தடவை பார்க்கும்போது உதட்டை நக்கினான். கடைசியில் குனிந்து, விழுந்து கிடந்த ஒரு மட்கிய மரத்துக்கு அடியில் தோள்பட்டை வரை கையை விட்டுத் துழாவினான்.

"நேரம் முடிஞ்சுது" என்றாள் தெல்லெர்வோ. "சாரிய்யா, ஔலிஸ்."

"கிடக்கு விடு" என்றான். மேடைக்குத் திரும்பி நடக்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

அந்தக் கூடையில் அவனுக்கு ஆறு, எனக்கு மூன்று. அடுத்த இரண்டு கூடையிலும் சமம். ஒரு எறியில் ஜெயித்தேன். கை கொடுத்தார்கள், காப்பி கொடுத்தார்கள். ஔலிஸும் கை கொடுத்தான். "நல்லா எறிஞ்ச" என்றான். என் கண்ணைப் பார்க்கவில்லை, பதினாறாவது வழி இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும், அங்கே யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய்ப் பாசியைக் கிளறித் தட்டை எடுத்தேன். பின்பக்கம் அவன் பெயரும் போன் நம்பரும் இருந்தன. எல்லோரும் எழுதுவதுதான். கண்டெடுத்தவன் கூப்பிட்டுச் சொல்லணும், அதற்குத்தான் நம்பர். நான் அதை கிரேடர் சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

செவ்வாய்க்கிழமை ஔலிஸ் வரவில்லை. அவன் வராத செவ்வாய்க்கிழமை எனக்கு நினைவில் இல்லை.

"ரெண்டு நாளா சாயந்தரம் சாயந்தரம் பதினாறுலயே நிக்கிறான்யா" என்றாள் தெல்லெர்வோ. "நான் போய்ப் பேசினேன். என்ன சொல்றான் தெரியுமா? வேன விடப் போறேங்கிறான்."

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு அடிக்குள்ள கிடந்த சொந்தத் தட்டத் தெரியல, நவம்பர் இருட்டுல ரோட்டோரமா நிக்கிற புள்ள எனக்கு எப்படித் தெரியும்ங்கிறான். வெள்ளிக்கிழமை ஊராட்சியில எழுதிக் கொடுக்கப் போறானாம். டாக்டர்கிட்டக் காட்டுய்யான்னேன். டாக்டர் என்ன சொல்றது, எனக்கே தெரியுதேங்கிறான்."

"கிழவனுக்குக் கண்ணு போச்சு, அவ்ளோதான்" என்றான் ரெய்யோ. சாசேஜுக்குக் கடுகு தடவிக்கொண்டே சொன்னான். சுற்றி நின்ற பத்துப் பேரும் தலையை ஆட்டினார்கள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் சவுனா நீராவி அறையில் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தவற்றில் இதைவிடக் கேடுகெட்டது இல்லை. தட்டு வேறெங்கோ, யார் கண்ணிலும் படாத இடத்தில் கிடைத்தது என்று சொல்லிவிட்டால் போதும். அவன் கண்ணும் தப்பும், என் பெயரும் தப்பும்.

புதன்கிழமை காலையில் கூப்பிட்டேன்.

"ஔலிஸ், உன் தட்டு கெடச்சுது. அந்த மட்கின மரம் இருக்குல்ல, அதுக்கு அடியில, நல்லா உள்ள. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவன் ரேடியோவை அணைப்பது கேட்டது.

"எந்த மரம்?"

"அதான், பாதி விழுந்து கிடக்கே. பாசி மூடினது."

"அதுக்கு அடியிலயா?"

"ஆமா."

"சரி" என்றான். "அப்படியே வச்சிரு. எனக்கு வேணாம்." வைத்துவிட்டான்.

நிம்மதியாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. புதன் முழுக்க, வியாழன் முழுக்க, வெள்ளி முழுக்க விசில் அடித்துக்கொண்டே ரோடு சமன் செய்தேன்.

சனிக்கிழமை போல்ட் வாங்க இரும்புக்கடைக்குப் போனேன். கல்லாவில் ரெய்யோ.

"ஔலிஸ் நேத்து எழுதிக் கொடுத்துட்டான். கேள்விப்பட்டியா?"

"எதுக்கு? தட்டுதான் கெடச்சிருச்சே."

"அதனாலதான்யா. நீ சொன்ன மரத்துக்கு அடியில அவன் ஞாயித்துக்கிழமையே கைய விட்டானாம், நாமெல்லாம் பாத்தோமே. அப்புறம் திங்கட்கிழம ஒரு தடவ, செவ்வாக்கிழம ஒரு தடவ. விரலுக்குக் கீழ கிடந்தது கூடத் தெரியலன்னா கண்ணு மட்டும் இல்ல, புத்தியும் போயிருச்சுங்கிறான். அவங்க அப்பனுக்கு அப்படித்தான ஆச்சு, கடைசியில வீட்டுக்கு வழி தெரியாம."

அவன் அங்கே கை விட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போல்ட்டைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஔலிஸ் முற்றத்தில் ஏணி போட்டு, வேன் கூரையில் இருந்த டாக்ஸி விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கினான்.

"வா. காப்பி இருக்கு."

"வேணாம்."

ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போடப் போனவன் நின்றான். "நீ காப்பி வேணாங்கிறியா? யாரு செத்தா?"

"யாரும் சாகல. உன் தட்டு அந்த மரத்துக்கு அடியில இல்ல."

"பின்ன எங்க?"

"என் காலுக்கு அடியில."

அவனுக்குப் புரியவில்லை. புரியாதது முகத்தில் தெரிந்தது. அதனால் நான் மறுபடியும், முழுசாக, சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு தடவை சொல்வதற்கே ஆறு நாள் பிடித்தவன் நான்.

"மிதிச்சேன். மிதிச்சது தெரிஞ்சுது. சொல்லல. நேரம் முடியிற வரைக்கும் அதுமேலதான் நின்னேன்."

"மூணு நிமிஷமும்?"

"மூணு நிமிஷமும்."

"எந்தக் கால்?"

"இடது."

என் இடது பூட்ஸைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நானும் பார்த்தேன். சட்டைக்குள்ளிருந்து தட்டை எடுத்து நீட்டினேன், அவன் வாங்கவில்லை. வேன் மூக்கின் மேல் வைத்தேன்.

"தெல்லெர்வோ மண்டி போட்டா" என்றான்.

"தெரியும்."

"போட்டி கிடக்கட்டும், அது கழுத. எதுக்கு அந்த மரக் கதையச் சொன்ன? மூணு ராத்திரி தூங்கலடா நான். காலையில எந்திரிச்சு அப்பன் செய்வாருன்னு சொல்வாங்களே, அது மாதிரி, சமையக்கட்டுல இருக்கிற சாமான் பேரெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாத்தேன். சட்டி. கரண்டி. காப்பி டப்பா. எல்லாம் சரியாத்தான் வந்துது. அப்பவும் நம்பல. ஏன்னா இல்போ எதுக்குப் பொய் சொல்லப் போறான்?"

மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தாலும் அவன் காதில் வாங்கவில்லை.

"திங்கட்கிழம நான் ஊராட்சிக்கு வந்து சொல்றேன்" என்றேன்.

"என்னன்னு? தட்டு மேல நின்னேன்னா?" சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது, சிரிப்பு இல்லை. "ஊராட்சிய நான் பாத்துக்கறேன். நீ செவ்வாக்கிழம வா. என்கிட்டச் சொன்னது பத்தாது. எனக்குக் கண்ணு போச்சுன்னு ஊரெல்லாம் பேசுது. ஊரு முன்னாடி சொல்லு. இப்பக் கிளம்பு."

திங்கட்கிழமை அவன் கண் டாக்டரிடம் போனான், பிறகு ஊராட்சிக்குப் போனான். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஊராட்சி ஆபீஸ் அம்மாள் சீட்டைப் படித்துவிட்டு, சந்தோஷம் என்றாளாம். ஆனால் வெள்ளிக்கிழமை சாயந்தரமே ஒப்பந்தத்தைப் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுத்தாயிற்று, இந்தப் பள்ளிக்கூடத்தையே நிரந்தரமாக மூடுகிற நாள் வரைக்கும் கையெழுத்தாகிவிட்டது, அவசரத்துக்கு வேண்டுமானால் கூப்பிடுகிறோம் என்றாளாம். வியாழக்கிழமை நான் வாயைத் திறந்திருந்தால் அவன் அங்கே போயிருக்கவே மாட்டான்.

செவ்வாய்க்கிழமை ஒன்றாம் கூடையின் மேடைக்குப் பக்கத்தில் இருபத்துமூன்று பேர் நின்றார்கள். குழு பிரிப்பதற்கு முன்னால் நான் கையைத் தூக்கினேன். பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. மிதித்தது, நின்றது, மரக் கதை, எல்லாம் நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் யாரையும் திட்டமாட்டார்கள். பேசாமல் நிற்பார்கள், அதுதான் திட்டு. ஒருத்தன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். தெல்லெர்வோ குனிந்து தன் முட்டியைத் தேய்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் ரெய்யோ கேட்டான், "அப்ப இந்த வருஷம் யாரு ஜெயிச்சது? ஔலிஸ் பேர எழுதிரலாமா?"

"எனக்கு வேணாம்" என்றான் ஔலிஸ். "மூணு நிமிஷத்துல எடுக்கல, தொலஞ்சதுதான். ஆனா அவன் பேரையும் எழுதக் கூடாது."

பலகையில் அந்த வருஷம் காலியாகவே நின்றது.

குழு பிரித்தார்கள். சீட்டில் என் பெயர் ஔலிஸோடு விழுந்தது, தெல்லெர்வோவோடும். வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையைத் தூக்கினேன்.

"எங்க போற?" என்றான் ஔலிஸ். "ஆளு குறைஞ்சா யாரு மார்க் எழுதுறது?"

ஆடினேன். நாலாவது கூடையில் என் ஆரஞ்சுத் தட்டு ஸ்ப்ரூஸ் மரங்களின் அடர்த்திக்குள் போய் விழுந்தது. விட்டுவிடுங்கள், தண்டனையை எழுதுங்கள் என்றேன். ஒருத்தரும் கேட்கவில்லை. தெல்லெர்வோ போனில் நேரம் வைத்தாள், வலிக்கிற முட்டியோடு தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் நுழைந்தாள். ஔலிஸ் இடுப்பில் கையை வைத்தான். விதி அப்படி. எனக்காக அவர்கள் தேடின அந்த மூன்று நிமிஷத்தில் நான் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"இல்போ" என்றாள் தெல்லெர்வோ, கிளைக்கு அடியிலிருந்து. அன்றைக்கு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "முதல்ல உன் காலத் தூக்கிக் காட்டு."

தூக்கினேன். முதலில் இடது, பிறகு வலது. பக்கத்து வழியில் ஆடிக்கொண்டிருந்த நாலு பேரும் நின்று பார்த்தார்கள். யாரோ ஒருத்தன் சிரித்தான், பிறகு எல்லோரும்.

ஔலிஸ் சிரிக்கவில்லை. நேராக நடந்து போய்க் குனிந்தான், தட்டை எடுத்து என் கையில் வைத்தான். பன்னிரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்ட அந்த வாக்கியத்துக்காகக் காத்து நின்றேன். வரவில்லை.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் ரஹ்கோமெக்கி ரோட்டில் பிள்ளைகள் வேன் என் எதிரே வரும். ஓட்டுகிறவன் பக்கத்து ஊர்க்காரன், கையைத் தூக்கமாட்டான். ஔலிஸ் மருத்துவமனைக்குப் போகிற கிழவர்களை ஏற்றிப் போகிறான், வாரத்தில் இரண்டு நாள். அது போதாது என்று அவன் சொல்வதில்லை, எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் வருகிறான், கரும்பச்சையைத்தான் எறிகிறான்.

எங்கள் காட்டில் இன்று யார் தட்டு தொலைந்தாலும், எந்தக் குழுவில் இருந்தாலும், தேடுகிறவர்களில் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்கள்: "இல்போ, காலத் தூக்கு." போன வருஷம் சேர்ந்தவர்கள் கூடச் சொல்கிறார்கள், ஏன் என்றே தெரியாமல். நான் ஐம்பது மீட்டர் தள்ளி வேறு வழியில் நின்றாலும் சரி, கையில் இருக்கிற தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர்களுக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டுகிறேன்.